பங்கு கேளுங்கள்

வண்டன்மேடு
11.1.2026

அன்பு ஜிஸ்மி,

போனில் பேசினால் நம் இருவருக்குமே குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். ஏலத்தோட்டத்துக்கு மேலே உள்ள நம் பாறை நிலத்தை விலைக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். காற்றாலைப் படிப்புக்குப் போன உனக்கு அங்கேயே நிரந்தர வேலை தருகிறார்களாமே. நீ சேர்ந்துவிட்டால் நான் இங்கே யாருக்குச் சமைப்பது? நானும் அந்தக் குளிருக்கே வந்துவிடுகிறேன். கம்பளி வாங்கி வை.

உன் செபாஸ்டின்

டென்மார்க்
14.1.2026

அன்புள்ள அத்தானுக்கு,

கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். இங்கே பல காற்றாலைகள் ஊர்க்காரர்களுடையவை. இறக்கைச் சத்தத்தோடு வாழ்கிறவனுக்கு வருமானத்திலும் இடம் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். சுற்றிக் குடியிருப்பவர்களுக்குத்தான்; வெளியூர்க்காரர்களுக்குக் கிடையாது. நீங்களும் விற்காமல் பங்கு கேளுங்கள். வேலைக்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை, அதற்குள் கம்பளியாம்!

ஜிஸ்மி

வண்டன்மேடு
3.2.2026

ஜிஸ்மி,

சிரிக்காதே. "பங்கு கேளுங்கள்" என்று எழுதினாயா, பங்கு என்றால் எனக்கு நம் திருச்சபைப் பங்குதானே, நான் நேரே கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியார் சூசையப்பன் முன்னால் நின்றேன். "நிலத்த விக்கலாமான்னு பங்கைக் கேக்கச் சொல்லுதா சாமி!" அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். "அட மக்கா, அவ சொல்லுதது கோயில் பங்கு இல்லடே, கம்பெனில ஒரு பாகம்!"

சிரித்ததோடு விடவில்லை. கம்பளி வரியை மட்டும் விட்டுவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோருக்கும் வாசித்துவிட்டார். பாறையை ஒட்டிய பதினான்கு வீடும் சேர்ந்து போய்க் கேட்டோம். கம்பெனி நேற்று இறங்கி வந்தது. நிலம் குத்தகைக்குத்தான், ஆளுக்கொரு பங்கு. நீ எழுதியபடியே, இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

பட்டியல் எழுதும்போது என் பெயருக்குக் கீழே சாமியார் பேனாவை நிறுத்தினார். "ஜிஸ்மிய என்னப்பா செய்ய?" அந்த வரியைக் காலியாக விடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கொடுத்துவிட வேண்டும். வா என்று உன்னைக் கூப்பிட மாட்டேன். உன் படிப்பு, உன் முடிவு. ஆனால் நீ இல்லாமல் இங்கே எதுவும் நன்றாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செபாஸ்டின்

டென்மார்க்
4.2.2026

அத்தான்,

அந்த வேலை வேண்டாம் என்று இன்று காலை சொல்லிவிட்டேன். கொஞ்சம் அழுதேன், மறைக்கவில்லை. இங்கே ஒரு காற்றாலை நின்றுபோனால் ஏறிப் பார்க்க நூறு பேர் இருக்கிறார்கள். நம் பாறையில் நின்றுபோனால் யார் ஏறுவார்கள், சூசையப்பன் சாமியாரா?

மே மாதம் படிப்பு முடிகிறது. அந்தக் காலி வரியில் என் பெயரை எழுதச் சொல்லுங்கள். குடியிருப்பு எங்கே என்று கம்பெனி கேட்டால், நம் வீட்டு விலாசத்தைக் கொடுங்கள்.

ஊர்க்காரி,
ஜிஸ்மி