சேர்த்தே வைக்கவும்

ஏப்ரல் 14

‘உங்கள் பிள்ளை ஒரு நாள் முழுவதும் வீட்டார் துணையின்றி இருக்குமா?’ முகாம் படிவத்தில் நான்காவது கேள்வி. பெரியவளுக்கு ‘ஆம்’ என்று எழுதினேன். சின்னவனுக்கு? எட்டு வயது ஆகிறது. தெரியவில்லை. காலியாக விட்டேன்.

கோடை விடுமுறை ஏழு வாரம். அவரும் நானும் மாற்றி மாற்றி விடுப்பு எடுத்தால் மூன்று வாரம் ஓடும். ஒரு வாரம் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். மிச்சம் மூன்று வாரம் ஏரிக்கரை முகாம். மூன்று வருடமாக இதே ஏற்பாடுதான். அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் ஏறிவிட்டது. இருவருக்கும் ஒரே கட்டம், ஒரே பச்சை நிறம்.

ஏப்ரல் 16

நாத்தனார் வந்திருந்தாள். ஃபிரிட்ஜ் முன்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டு, “ஹால் டிக்கெட் எப்ப குடுப்பீங்க அண்ணி?” என்றாள். பல்கலைக்கழகத்தில் தேர்வு அட்டவணை போடுகிற என்னிடம் எல்லோரும் சொல்வதுதான். நானும் வழக்கம்போல் சிரித்துவைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாணவருக்குக்கூட ஒரே நேரத்தில் இரண்டு தேர்வு விழுந்ததில்லை.

ஏப்ரல் 21

பெரியவளுக்கு நீச்சலுடை சின்னதாகிவிட்டது. புதிதாக வாங்க வேண்டுமா என்று கேட்க முகாமுக்குப் போன் செய்தேன். போன வருடம் அவள் ஒரு நாள்கூட ஈரத்துணி கொண்டுவந்ததில்லை என்பது போன் செய்யும்போதுதான் உறைத்தது.

பதிவு பார்க்கும் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: “அவங்க பெரிய பிள்ளைங்களோட படகுப் பிரிவுல இல்லையே மேடம். மூணு வருஷமா சின்னப் பசங்க பிரிவுலதான் இருக்காங்க. நீங்கதானே டிக் போட்டிருக்கீங்க?”

‘உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே வைக்கவும்.’ அந்தக் கட்டம். ஒரே பேருந்தில் அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். சேர்த்து வைப்பது என்றால் பெரிய பிள்ளையைச் சின்னப் பிள்ளையின் பிரிவுக்கு இறக்குவதாம். படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கத்தையும் படியுங்கள் என்று மாணவர்களிடம் தலைப்பாடாய் அடித்துக்கொள்கிறவள் நான்.

முதல் வருடம் சின்னவன் போன அரை மணி நேரத்தில் அழுது வாந்தி எடுத்தான். அலுவலகத்துக்குப் போன் வந்தது. கூட்டத்தில் இருந்தேன். அக்காவோடு விடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அன்றைக்குப் போட்ட டிக்.

ஏப்ரல் 22

பெரியவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. நீதானே அவனைப் பாத்துக்கோன்னு சொன்னே?”

அங்கே என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“வெட்டுவேன், ஒட்டுவேன். டீச்சர் வெளிய போனா நான்தான் டீச்சர்.”

துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

ஏப்ரல் 23

மூணு வருஷம். ஏன் சொல்லலை அவ? நான் ஏன் கேக்கலை? போன வருஷம் காகிதத் தொப்பி கொண்டுவந்தா. அழகா இருக்குன்னு அலமாரி மேல வெச்சேன். பதினோரு வயசுப் பொண்ணு எதுக்குக் காகிதத் தொப்பி செய்யறா — ஒரு நிமிஷம் யோசிச்சேனா?

ஏப்ரல் 27

படகுப் பிரிவில் ஒரே ஓர் இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதோடு அந்தப் பிரிவு முடிந்துவிடும். அவளுக்கு இப்போது பன்னிரண்டு.

பெரியவள் வேண்டாம் என்கிறாள். “நான் இல்லேன்னா அவன் சாப்பிட மாட்டான்மா.” சொல்லும்போது முகாமின் படகுப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ரயில் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சின்னவன் அழுதால் என்ன செய்வது என்று கேட்டேன். “அழுதா அழுதுட்டுப் போறான். என் வண்டியில தினம் யாராவது அழுதுட்டுத்தான் வர்றாங்க. வண்டி போய்ச் சேருது இல்ல?”

ஏப்ரல் 30

வேறு படிவம் அனுப்பியாயிற்று: பெரியவளுக்குப் படகுப் பிரிவு. டிக் போடவில்லை. சின்னவனுக்கு நான்காவது கேள்வியை இந்த முறையும் காலியாகவே விட்டேன்.

மே 2

அட்டவணையில் பெரியவளுக்கு நீலம். சின்னவன் ஃபிரிட்ஜ் முன்னால் வெகுநேரம் நின்றான்.

“அக்கா நீலமா?”

“ஆமா.”

“நான் மட்டும் பச்சையா?”

“ஆமா.”

பால் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

மே 20

படகுப் பிரிவுக்கான நீச்சல் தேர்வில் பெரியவள் தேறிவிட்டாள். புது நீச்சலுடை, நீலத் துண்டு.

ஜூன் 8

நாளை முதல் நாள். மாற்றலாகிப் போகிற அதிகாரி பொறுப்பை ஒப்படைப்பதுபோல் பெரியவள் அவனுக்கு முகாமை ஒப்படைத்தாள். எந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் விழாது, எந்த டீச்சரிடம் பசை கேட்டால் கிடைக்கும், சாப்பாட்டு டப்பா மூடியை எந்தப் பக்கம் திருக வேண்டும். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். மத்தியானம் வந்து எட்டிப் பார்ப்பதாகவும் சொன்னாள். இதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும், படகாவது ஒன்றாவது.

என் கணிப்பு: பத்து மணிக்குள் போன் வரும். கூட்டம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 9

போன் வரவில்லை. பதினொன்றரைக்கு நானே இரண்டு முறை எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

மாலையில் பேருந்திலிருந்து இறங்கினார்கள். சின்னவனின் டப்பா பாதி காலியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பெரியவள் ஈரத் தலையோடு சோபாவில் சாய்ந்தாள். அடுத்த நிமிடம் தூங்கிப்போனாள்.

சின்னவன் சமையலறைக்கு வந்தான். அக்கா வந்து பார்த்தாளா என்று கேட்டேன்.

“வந்தா. வேலிகிட்ட நின்னா. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.”

“ஏன்?”

“பாத்தா எனக்கு அழுகை வந்துடும். அழுதா அவ உள்ள வந்துடுவா. அப்புறம் படகுல போக மாட்டா.”

இன்னொரு பிஸ்கட் கேட்டான். கொடுத்தேன்.

நீலத் துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிழிந்து கொடியில் போட்டேன்.