ஓர் எழுத்து குறைகிறது

அன்புள்ள மகளுக்கு,

உன் செய்தி பக்கத்து வீட்டு இசக்கியம்மாளின் போனுக்கு வந்தது. நான் உனக்கு எழுதிய கடிதங்களை வைத்து என் கையெழுத்தையே கணினி எழுத்துருவாகச் செய்கிறாயாம். எல்லாக் கடிதங்களிலும் தேடிவிட்டாயாம், 'ஞ' மட்டும் கிடைக்கவில்லையாம்.

"ஒத்த எழுத்துக்கா உங்க மக மெசேஜ் போடுதா?" என்று அவள் சிரித்தாள். "காலேஜ் வேலை" என்றேன்.

'முயற்ச்சி' என்று எழுதியிருக்கிறாய். அங்கே 'ச்' வராது.

பேங்க் வேலையை விட்டுவிட்டு நீ டிசைன் படிக்கப் போனதைக் கண்டித்து எழுதிய கடிதங்கள் அவை. அவற்றில் அந்த எழுத்துக்கு வேலை இருந்திருக்காது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருவாய் என்று உன் அறைக்கு வெள்ளையடித்து வைத்தேன். நீயோ, "வர முடியாது, எழுத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதும்" என்கிறாய். இந்த வருடமும்.

கான்வென்டில் சிஸ்டர் பழக்கியபடி கோடு போட்டுத்தான் எழுதினேன். இப்போதெல்லாம் கை நடுங்குகிறது. ஞாபகம், கொஞ்சம், நெஞ்சு. மூன்றிலும் வளைவு சரியாக விழவில்லை. கீழே கடைசியாக எழுதியிருக்கும் சொல்லில்தான் எழுத்து ஒழுங்காக நிற்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொள்.

கெஞ்சுகிறேன்.

உன் அம்மா