ஓநாயின் வாயில் குண்டு

என் பாசமுள்ள கஜன் அண்ணா,

நேற்றுத் தீர்ப்பு வந்துவிட்டது. முதலில் உனக்குத்தானே சொல்லவேண்டும்.

அந்தச் சனிக்கிழமை ஜெர்மனியின் ஆஹென் நகரத்துப் பழம்பொருள் சந்தையில் இரண்டு பேரும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தோம். ஒருவனுடைய தோல் ஜாக்கெட்டில் ஒரு சின்னம்: குண்டைக் கவ்விக்கொண்டு சிரிக்கிற ஓநாய். ஹிட்லரின் விமானப்படைச் சின்னங்களைப் பற்றித்தான் நீ பான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாய். உன்னால் பேசாமல் வர ஏலுமா?

“இது ஒரு நகரத்தின்ர சின்னத்தில இருக்கிற ஓநாய்,” என்று அவனிடம் ஜெர்மனில் சொன்னாய். “நாசிக் கட்சிக்காரர் அதை ஹிட்லரின்ர விமானப்படைக்குக் குடுத்தவை. அப்ப வாயில ஒண்டும் இல்லை. ஸ்பெயினில ஒரு ஊரை எரிச்சுப்போட்டு வந்துதான் விமானிகள் அதின்ர வாயில குண்டைக் கீறிச் சேர்த்தவை. செத்தது சாதாரண சனம்.”

“இதில தடைசெய்த ஸ்வஸ்திகா இல்லை. சட்டப்படி போடலாம்,” என்றான் அவன்.

பஸ் தரிப்பிடம்வரை எங்கள் பின்னாலேயே வந்தான். இரும்புக் குழாயால் அடித்தான். நீ விழுந்த பிறகும் அடித்தான். உன் பற்கள் தரையில் சிதறின. நான் அவன் கையைப் பிடித்துத் தொங்கினேன். என் மணிக்கட்டையும் உடைத்தான். உன் தலை என் மடியில் கிடந்தது. இரத்தம் சூடாக ஓடியது. நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டதோ, அண்ணா?

“அது வெறும் ஊர்ச் சின்னம், நடந்தது வாய்த்தகராறு,” என்று அவன் வக்கீல் வாதாடினார். உன் பேராசிரியர் இரண்டு பழைய படங்களைக் காட்டினார்: வெறும் வாயோடு ஓநாய், பிறகு குண்டோடு. அடிக்கும்போது அவன் என்ன கத்தினான் என்று நீதிபதி என்னிடம் கேட்டார். சொன்னேன்: “அடுத்த குண்டு உங்கட ஆக்களுக்கு.”

இனவெறிக் கொலை, ஆயுள் தண்டனை.

“கஜன் சொன்னது சரியெண்டு தீர்ப்பில எழுதிட்டினமோ?” என்று அம்மா கேட்டா.

“ஓம் அம்மா.”

அதற்குப் பிறகுதான் அழுதா.

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாமே என்று சில நாள் உன்மேல் கோபம் வருகிறது. யாரிடம் அதைச் சொல்வேன்?

அந்த ஓநாய் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று என்னை வந்து பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறது. வந்தால் உதைப்போம் என்று யாரோ மிரட்டியும் இருக்கிறார்கள். எனக்குப் பயம்தான். ஆனாலும் போறன். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

உன்ர ஒரே தங்கச்சி,
துளசி