பட்டியலில் உன் தேதி

சொன்ன பேச்சைக் கேட்காத என் செல்லத் தம்பி குணாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை. தீபாவளிக்கு முன்னால் கிள்ளானுக்குப் போகிற வழியில் நெஞ்சு வலிக்கிறதென்று காரை ஓரங்கட்டி, சிக்னலும் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். பின்னால் வருகிற காருக்கு இடைஞ்சல் கூடாது என்று அவ்வளவு யோசித்தவன், உனக்குப் பின்னால் உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிற அக்காவைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா?

பிரிக்பீல்ட்ஸ் டைப்பிங் கடையை நான் மூடவில்லை. டைப்ரைட்டருக்கு நான், கம்ப்யூட்டருக்கு நீ என்று இருந்தது போய், இப்போது இரண்டுக்கும் நான்தான். அடிப்பது பிரச்சினையே இல்லை. உன்னைவிட என் விரல் வேகம், அது உனக்கே தெரியும். ஓப்பன் என்று அமுக்கினால் ஒரு பட்டியல் வருகிறதே, அதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லா ஃபைலும் U என்ற எழுத்தில் ஆரம்பிக்கிறது. பிள்ளையார் சுழி போடாமல் நீ பாசாருக்குச் சாமான் சீட்டுக்கூட எழுத மாட்டாய், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் சுழிக்குப் பதிலாக ஒரு U போட வேண்டுமா? முதல் எழுத்தைத் தட்டினால் பட்டியல் அந்த இடத்துக்கு ஓடும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். நான் எந்த எழுத்தைத் தட்டினாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஃபோல்டர்களாவது உருப்படியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வேலை என்று மலாயில் கெர்ஜா என ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால் உள்ளே இன்னொரு கெர்ஜா, அதற்குள்ளும் ஒன்று. பல் டாக்டருடைய கடிதங்கள் எதிர்க்கடை ரொட்டி சானாய் அண்ணன் பெயரில் இருக்கின்றன. ஏன்டா, மனுஷன் பல்லைப் பிடுங்கினாரா, ரொட்டி போட்டாரா?

இவ்வளவு கோபம் எதற்கென்றால், போன வாரம் பார்வதி வந்தாள். என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவள், டெங்கில் எஸ்டேட்டில் இருக்கிறாளே, அவள்தான். எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள், குடியிருக்கிற லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்கிறார்கள், மாற்று வீடு கேட்டு எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து மனு போட வேண்டும் என்று நீ இருந்தபோது நான்தான் அவளை உன்னிடம் கூட்டி வந்தேன். யார் எத்தனை வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள், யார் வீட்டில் எத்தனை பேர் என்று நீ வீடு வீடாகக் கேட்டு வந்து மலாயில் அடித்துக் கொடுத்தாய்.

"நாங்க குடுத்த மனுவே வரலங்கிறான்டி அந்த ஆபீஸ்ல. கையில இருந்த காப்பியக் காட்டுனேன், பார்த்துட்டுத் தரேன்னு வாங்குனவன் அதையும் தொலைச்சுட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி குடுத்தா மீட்டிங்ல வைப்பாங்களாம். இல்லாட்டி எங்க பேரே லிஸ்ட்ல இல்ல. தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கும்தானே?" என்று கேட்டாள் பார்வதி.

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? திரும்பவும் முதலிலிருந்து அடிக்கலாம் என்றால், பாதிக் குடும்பம் அதற்குள் பந்திங், காஜாங் என்று உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டது. அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு எழுத வெள்ளிக்கிழமை போதாது.

தேடினேன் குணா. பார்வதி பெயரில் இல்லை, டெங்கில் என்ற பெயரில் இல்லை, எஸ்டேட் பெயரிலும் இல்லை. கடைசியில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். கடிதங்களில் தேதி தானாக அன்றைக்கு மாறுகிற மாதிரி நீ செய்து வைத்திருக்கிறாய் அல்லவா, அதனால் நான் ஓர் எழுத்தைக்கூடத் தொடாவிட்டாலும் மூடும்போது சேவ் பண்ணவா என்று கேட்கிறது. நான் யெஸ் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் யெஸ். "எது கேட்டாலும் யெஸ் போடு லா அக்கா, நோ போட்டா செஞ்ச வேலையெல்லாம் போச்சு" என்று என் தலையில் ஏற்றியது யார்?

ஒன்றை மட்டும் நான் திறக்கவில்லை. U-வுக்குப் பக்கத்தில் AKKA என்று இருந்தது. உன் காரியம் முடிந்து கடையைத் திறந்த அன்றே அது கண்ணில் பட்டுவிட்டது. நெஞ்சு வலி உனக்கு முன்பே வந்திருக்கும், யாரிடமும் சொல்லாமல் எனக்கு ஏதோ எழுதி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். படித்தால் தாங்க மாட்டேன் என்று பயம். படித்து முடித்துவிட்டால் அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் இல்லை என்பது அதைவிடப் பெரிய பயம். அதனால் தினமும் பட்டியலில் அந்தப் பெயரை மட்டும் பார்த்துக்கொள்வேன்.

வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் உன் பெண்டாட்டி ஜெயாவுக்குப் போன் போட்டேன். ஷா ஆலம் ஆபீஸ் முடிந்து நேரே கடைக்கு வந்தாள். நீ போன பிறகு அவள் இங்கே காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. உன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே மௌஸைப் பிடித்தாள்.

"பேரை வெச்சுத் தேடாதீங்க அண்ணி. தேதி வாரியா அடுக்குனா அவரு கடைசியா செஞ்சது மேல வந்துடும்" என்று எதையோ அமுக்கினாள். பட்டியல் புரண்டு புதிதாக நின்றது. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அந்த வாரத் தேதி.

ஜெயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன அண்ணி இது? எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டீங்களா?"

"அது கேட்டுச்சு. யெஸ் போட்டேன்."

"பார்த்துட்டு நோ போட்டு மூடினாப் போதும் லா, சேவ் பண்ணா தேதி மாறிடும். இப்ப அவரு எதை எப்ப செஞ்சாருன்னே தெரியாமப் போச்சே."

நீ எந்த நாளில் எந்த வேலையில் இருந்தாய் என்பதை அந்தப் பெட்டி அப்படியே வைத்திருந்திருக்கிறது. நானே என் கையால் ஒவ்வொன்றாக அழித்திருக்கிறேன். நீ சொன்னபடி கேட்டதற்கு எனக்குக் கிடைத்தது இதுதானா?

ஜெயா பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். அந்த வாரத் தேதிகள் தீர்ந்த இடத்தில் நின்றாள். நான் தொடாததால் தேதி மாறாமல் உட்கார்ந்திருந்தது அந்த அக்கா ஃபைல். நீ போவதற்கு முந்தின நாள் தேதி. ஜெயாவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் பெயரில் ஒன்று இருக்கிறதா என்று அவள் கண் தேடியது எனக்குத் தெரிந்தது. இல்லை.

"உங்களுக்குத்தான் எழுதியிருக்காரு. நீங்களே திறந்து பாருங்க. நான் வெளிய நிக்கிறேன்" என்றாள். அவள் கையைப் பிடித்து உன் நாற்காலியில் உட்கார வைத்து, அவளையே திறக்கச் சொன்னேன்.

திறந்தால், அரசாங்க மலாயில் டெங்கில் குடும்பங்களின் மனு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். எனக்கென்று ஒரு வரி இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லையேடா. பார்வதியின் மனு கிடைத்ததற்குச் சந்தோஷப்படாமல் நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். ஜெயா முதலில் சிரித்தாள், அப்புறம் அவளும் அழுதாள்.

"வேலை யாரோடதுன்னு இவரு பேரு வைக்க மாட்டாரு அண்ணி. யாரு கஸ்டமரைக் கூட்டிட்டு வந்தாங்களோ அவங்க பேருதான். பார்வதி அக்காவைக் கூட்டிட்டு வந்தது நீங்கதானே?"

அப்போதுதான் ரொட்டி சானாய் அண்ணன் விஷயமும் எனக்கு விளங்கியது. இதை உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

மனுவைப் பிரிண்ட் எடுத்தோம். வெள்ளிக்கிழமை நானே பார்வதியோடு போய், கொடுத்ததற்கு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்தேன். மீட்டிங்குக்கு அவர்களை வரச் சொல்லியிருக்கிறார்கள். வீடு கிடைக்குமா என்பது இன்னும் தெரியாது.

பிரிண்ட் எடுத்து முடித்ததும் ஃபைலை மூடினேன். வழக்கம்போலக் கேட்டது, சேவ் பண்ணவா என்று. கை தானாக யெஸ்ஸுக்குப் போனது. பாதியில் நிறுத்தி, நோ போட்டேன். மறுபடி பட்டியலைத் திறந்து பார்த்தேன். உன் தேதி அப்படியே இருந்தது.

இனி ஃபைல்களுக்கெல்லாம் எனக்குப் புரிகிற மாதிரிதான் பெயர் வைப்பேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி, தலையில் U இருக்காது. ஆனால் அந்த ஒரு ஃபைலின் பெயரை மாற்ற மாட்டேன். எத்தனை தடவை திறந்தாலும், அது எத்தனை தடவை கேட்டாலும், நோ என்றுதான் சொல்வேன். நீ கடைசியாக உட்கார்ந்து வேலை செய்த நாள் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

உன் பேச்சை ஒரே ஒரு தடவை தட்டிய,
உன் அக்கா