வள்ளம் தள்ள ஆளில்லை

இயேசு மரி சூசை துணை
யாழ்ப்பாணம், 04.02.2019

அன்புள்ள எமில் அண்ணைக்கு,

நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஒடியல் மா அனுப்பினேன், கிடைத்ததா?

போனில் கதைத்தால் இவர் காதில் விழும், அதுதான் எழுதுகிறேன். ஆமி விட்டுப்போன ஊருக்கு ஆசையாகத் திரும்பி வந்தோம். இவருடைய வள்ளத்தைக் கடலுக்குத் தள்ள ஒருவரும் கைகொடுப்பதில்லை. சண்டைக் காலத்தில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்த அன்று, முகம் தெரியாமல் சாக்குப் போட்டுக்கொண்டு தலையாட்டி, ஊர்ப் பொடியன்களைக் காட்டிக்கொடுத்தது இவர்தானாம். "தலையாட்டி வாறான்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

கடற்கரையில் வரிசையாக நிறுத்தியவர்களில் தப்பியது நீங்களும் இவரும்தான். பெண்களைக் கோவிலுக்குள் அடைத்திருந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை. பங்குச் சுவாமிக்கு ஒரு வரி எழுதுங்கள் அண்ணை: கிறிஸ்ரோபர் என் பக்கத்தில் நின்றவன் என்று. அது போதும்.

உங்கள் உடன்பிறவாத் தங்கச்சி
கத்தரீனா

பாரிஸ், 26.02.2019

அன்புத் தங்கச்சி கத்தரீனாவுக்கு,

ஒடியல் மா கிடைத்தது. கூழ் காய்ச்சிக் குடித்தோம்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். சாக்குக்குள் நின்றது என் வின்சன்ற் அண்ணை. முதல்நாள் ஆமி பிடித்து அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் இருவருக்கும் அவர் தலையாட்டவில்லை. பிறகு அவரையும் கொண்டுபோய்விட்டார்கள். காணாமல் போனவர்களின் நினைவுக்கல்லில் அவர் பெயரும் இருக்கிறது. என் அம்மா அங்கே அதன் முன் மெழுகுதிரி கொளுத்துகிறா. கிறிஸ்ரோபர் இல்லையென்றால் வேறு யார் என்று ஊர் தேடும். அம்மா தாங்கமாட்டா. அவ கண்மூடும்வரை பொறுத்துக்கொள். கிறிஸ்ரோபரும் எனக்காகப் பொறுப்பான்.

அன்பு அண்ணன்
எமில்ராஜ்

யாழ்ப்பாணம், 19.03.2019

எமில்ராஜுக்கு,

போன செவ்வாய்க்கிழமை வள்ளத்தைத் தனியே தள்ளும்போது அது சரிந்து இவரை நசுக்கிவிட்டது. கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வரவில்லை. கத்திக் கத்தி என் தொண்டை அடைத்துப்போனது.

சவப்பெட்டி தூக்கவும் ஆளில்லை. உங்கள் அம்மா மட்டும் வந்தா. இவருடைய முகத்தைப் பார்த்தா. பிறகு வாசல் படலைக்குப் போய், றோட்டில் நின்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னா:

"சாக்குக்குள்ளை நிண்டது என்ரை வின்சன்ற். கோவில் சன்னலாலை, சாக்குக்குக் கீழை அவன்ரை காலைக் கண்டனான். பெத்தவளுக்குப் பிள்ளையின்ரை கால் தெரியாதே? எமிலுக்குத் தெரிஞ்சால் உடைஞ்சுபோவான் எண்டுதான் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தனான்."

அதன்பிறகு பெட்டி தூக்க ஆட்கள் வந்தார்கள்.

இப்போது ஊரில் ஒருவரும் உங்கள் அம்மாவோடு கதைப்பதில்லை. நானும் கதைக்கவில்லை. என்னால் முடியவில்லை. வந்து அவவைக் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

கிறிஸ்ரோபர் கத்தரீனா