எல்லாம் சரி என்று சொன்ன கணினி

செப். 9, செவ்வாய்
கொல்கத்தா முழுக்க விடாத மழை. டாலிகஞ்சில் ஒரு ஆட்டோ இல்லை. அரை நாள் லீவு.

மதியம் மீனா தி (இங்கே அக்காவுக்கு 'தி'தான்) போன். ஜாதவ்பூரில் முழங்கால் தண்ணீரில் நடந்து, பையோடு லேப்டாப் முழுகிவிட்டதாம். "போனா போகுது. உன் மெஷின்ல காப்பி இருக்குல்ல?"

"இருக்கு தி." பார்க்காமலே சொன்னேன்.

அவள் வீட்டுக்காரர் சேகர் அண்ணாவுக்குப் பார்வை போனபின், பெங்காலி பேப்பரை அவருக்குச் சத்தமாக வாசிக்க அவள் எழுதிவரும் ப்ரோகிராம் அதில்தான் இருந்தது. நடுவில் எவன் சர்வரும் வேண்டாம், நம் கணினிகள் இரண்டும் நேரடியாகப் பிரதி மாற்றிக்கொள்ளட்டும் என்றது என் மேதாவித்தனம். என் கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டு, தினமும் காலையில் அவளுக்கு 'எல்லாம் சரி' என்று செய்தி போடும்.

செப். 10
வெயில். கேஸ் புக்கிங், பல்பு, தோசை மாவு. ஒன்றும் நடக்கவில்லை.

கணினியைத் திறந்து பார்த்தால், என்னிடம் இருப்பது மே மாதப் பிரதி. அப்போதுதான் இன்டர்நெட் மாற்றினேன். அதன்பின் அவள் கணினியை என்னுடையது எட்டவே இல்லை. எட்டாததை, புதிதாக ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு தினமும் 'எல்லாம் சரி'. அப்படி எழுதி வைத்த முட்டாள் நான்.

போனது அத்தனையும் உச்சரிப்பு. தப்பாக வாசித்த ஒவ்வொரு சொல்லையும் அண்ணா சொல்லச் சொல்ல அவள் திருத்தியது.

சாயந்திரம் அவள் போன். எடுக்கவில்லை. கேவலம்.

செப். 11
அவளிடமிருந்து செய்தி: 'டிஸ்கும் போச்சுன்னு கடைக்காரர் சொல்லிட்டார். நல்லவேளை நீ இருக்கே.'



செப். 12, வெள்ளி
ஆபீஸிலிருந்து நேரே ஜாதவ்பூர். சொல்லிவிட்டேன். மீனா தி டீ போடப் போய்விட்டாள். அண்ணாதான் சிரித்தார். "விடுடா. எனக்கென்ன வேலை, மறுபடி உக்காந்து சொன்னாப் போச்சு."

திட்டியிருந்தால் தேவலை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

அவள் டீயோடு வந்தாள். காலடி கேட்டு அண்ணா, "போயிட்டானா?" என்றார். அவள் சொல்வதற்குள், "என்னால இன்னொரு தடவை முடியாது மீனா. அவன்கிட்ட சொல்லிடாத," என்றார். குரல் உடைந்துவிட்டது.

மீனா தி என்னையே பார்த்தாள். "போயிட்டான்," என்றாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.