புனைபெயரைத் தேடி வந்த வான்

அனுப்புநர்:
செல்வி சிவமணி நாகேந்திரம்,
மேல்மாடி, இல. 17/3, கடற்கரை ஒழுங்கை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
தொலைத்தொடர்பு முறைப்பாட்டுப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: இணையத்தில் புனைபெயரில் எழுதும் எனது விலாசம் கைத்தொலைபேசி நிறுவனமொன்றுக்குக் கிடைத்த விதத்தை விசாரித்தல்

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் கணக்கியல் படிப்பிப்பவள். தாயாருடன் திருமதி டோரினின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கொழும்பில் தங்கும் தமிழர் என்பதால் செய்யவேண்டிய எங்கள் பொலிஸ் பதிவும் அந்த விலாசத்திலேயே உள்ளது. விளம்பரமோ பத்திரிகைச் செய்தியோ, எதையும் ஏன், எப்படி என்று குடையாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

2. ஆதலால் இணையக் கருத்துக்களமொன்றில் ‘ஏன்பிள்ளை’ என்ற பெயரில் எழுதி வருகிறேன். சென்ற மாதம் மேற்படி நிறுவனம், உள்வரும் அழைப்புகள் வாழ்நாள் முழுவதும் இலவசம் என்று விளம்பரம் செய்தது. யாருடைய வாழ்நாள், எங்களுடையதா நிறுவனத்தினுடையதா என்று கேட்டேன். களத்தில் பலரும் சிரித்தார்கள். பதில் வரவில்லை.

3. கடந்த செவ்வாய்க்கிழமை பதிலுக்கு ஒரு வான் வண்டி வந்தது. இறங்கியவர் கேக் பெட்டியொன்றை நீட்டி, ஏன்பிள்ளை இருப்பது இங்கேதானா என்று திருமதி டோரினிடம் கேட்டார். பின்னர் என்னைக் கண்டு, நிறுவனத்திலிருந்து வருவதாகக் கூறி, எழுதியதை நீக்கும்படி மிகப் பணிவாகச் சொல்லிப் போனார். கேக் நன்றாகவே இருந்தது. ஆனால் ஆட்களை வானில் கடத்திப்போகும் இக்காலத்தில், வானில் வந்த அந்நியர் ஒரு தமிழ்ப் பெண்ணை வேறு பெயர் சொல்லித் தேடினால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? அது ஆயுத இயக்கத்தவர் வைத்துக்கொள்ளும் இயக்கப் பெயர் என்று பயந்து, மாதமுடிவில் அறையை விடச் சொல்கிறார். அறை போனால் பதிவும் போகும். அடுத்த பொலிஸ் சோதனையில் பதிவில்லையென்று அம்மாவையும் கொண்டுபோவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

4. களத்தில் சேரும்போது கைத்தொலைபேசி இலக்கம் கொடுத்திருந்தேன். அது மேற்படி நிறுவனத்தின் இலக்கமே என்பதால் அதற்குரிய விலாசம் அவர்களிடம் உண்டு. வழி அதுவாக இருக்கலாம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். களத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், நான் எவடம் என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். தானும் அந்தப் பக்கம்தான் என்றார். யாருடைய மகள், வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கை என்றும் விசாரித்தார். ஊர்க்காரர் கேட்டால் சொல்லாமல் விடுவது மரியாதையில்லையே. எல்லாவற்றையும் சந்தேகித்த நான் அவரைச் சந்தேகிக்கவில்லை. வான் வந்த நாளிலிருந்து அவரைக் களத்தில் காணவில்லை.

5. ஆகவே இரண்டில் எது வழியென அறிந்து சொல்லுமாறும், நான் தேடப்பட்டது விளம்பரம் பற்றிய கேள்விக்காகவே என்று திருமதி டோரினுக்குக் காட்டக்கூடிய கடிதமொன்றை மாதமுடிவுக்குள் ஆங்கிலத்தில் தருமாறும் தயவாய்க் கேட்கிறேன். எவரையும் தண்டிக்க வேண்டாம். எப்படியென்று தெரிந்தால் போதும். பதிலைத் தபாலில் அனுப்பவும். விசாரிப்பதற்கென்று ஒருவரையும் வானில் அனுப்பிவிட வேண்டாம்.

சந்தேகமொன்றின் கீழ் சொந்தப் பெயரையும் விலாசத்தையும் நான் எழுதுவது இதுவே முதல் தடவை. அவற்றைத் தங்கள் அலுவலகத்தோடு வைத்துக்கொள்ளுமாறு வேண்டும்,

(ஒப்பம்) சிவமணி நாகேந்திரம்

வெள்ளவத்தை
2007.11.12